தூக்கிய வண்டிக்கு எந்த அளவு டயர்?

காளப்பநாயக்கன்பட்டியில் கொல்லிமலைக்குப் போகும் சாலையோரம் அரைமணி நேரம் நின்றால் போதும், இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய வண்டிகள் எல்லாம் கண்முன்னே போய்விடும். காலையில் காலியாக மேலே போகும் பிக்கப்கள் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, மூக்கைத் தரையில் நுழைக்கப்போவதுபோல் ஓடும். அதே வண்டிகள் மாலையில் வாழைத்தாரோ பலாவோ மரவள்ளிக் கிழங்கோ ஏற்றிக்கொண்டு இறங்கும்போது நிமிர்ந்திருக்கும். சிலது பின்பக்கம் உட்கார்ந்தே போயிருக்கும். சனி, ஞாயிறுகளில் இன்னொரு ரகம் வரும். சேலம், ஈரோடு, பெங்களூரு பதிவெண்ணோடு வருகிற ஜீப்புகள். முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் உயர்த்தியிருப்பார்கள், டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும்.

இரண்டையும் நாம் 'தூக்கின வண்டி' என்றுதான் சொல்கிறோம். தூக்கிய காரணம் வேறு வேறு. பிக்கப்காரர் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை வைத்தது எடைக்காக. ஜீப்காரர் கிட் போட்டது பெரிய டயருக்காக, கொஞ்சம் தோற்றத்துக்காகவும். ஆனால் டயர் தேய்ந்து மாற்றுகிற நாள் வந்ததும் இருவரும் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, இதுல பெருசா எந்த சைஸ் போகுமுங்க?"

கடைக்காரர் நிற்கிற வண்டியைக் குனிந்து பார்ப்பார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை விடுவார். "இது தாராளமாப் போகும் தம்பி" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. நிற்கிற வண்டிக்கு அது போகத்தான் செய்யும். சுமையேற்றி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, பிரேக்கில் கால் வைத்தபடி அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி வருகிற வண்டிக்குப் போகுமா என்பதை அவர் பார்க்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

என் கட்சி இதுதான்: கொல்லிமலைக்குப் போய்வரும் வண்டிக்கு டயர் அளவை இறக்கத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஏற்றத்தை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவரும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக்கும் இரண்டாவது கியரும்தான். டயர் பெரிதானால் இரண்டுமே கொஞ்சம் கை தளர்கின்றன. எவ்வளவு தளர்கின்றன என்பது கணக்கு. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

எது உயர்ந்தது, எது உயரவில்லை

ஸ்பிரிங்கை உயர்த்தினால் தரையிலிருந்து வண்டி மொத்தமும் மேலே போய்விடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மேலே போவது பாடியும் சேசிஸும் மட்டுமே. பின்பக்கம் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்கும் ஹவுசிங், சக்கரங்களோடு சேர்ந்த உறுப்பு. பட்டை எத்தனை வைத்தாலும், கிட் எத்தனை அங்குலம் போட்டாலும் அது இருந்த இடத்தில்தான் இருக்கும். காட்டுப் பாதையில் கல்லில் முதலில் தட்டுவதும் பெரும்பாலும் அதுதான்.

ஹவுசிங்கை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். அதுவும் பாதிக் கணக்கில். டயரின் விட்டம் 30 மில்லிமீட்டர் கூடினால் ஹவுசிங் 15 மில்லிமீட்டர் மேலே போகும். ஏறக்குறைய ஒரு விரல் அகலம். அந்த ஒரு விரலுக்காக என்னென்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்த்தபின் ஆசை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

டயரில் எழுதியிருப்பதைப் படிப்பது

பொலிரோ காரில் வருகிற அளவு 215/75 ஆர் 15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல். கடைசி எண் டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். அகலத்தை மில்லிமீட்டரிலும் டிஸ்க்கை அங்குலத்திலும் சொல்லும் இந்தக் கலப்புக் கணக்கை யார் தொடங்கி வைத்தார்களோ, உலகம் முழுக்க அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

கணக்கு இப்படி: 215-இல் 75 சதவீதம் 161.25 மி.மீ. இது ஒரு பக்கச்சுவர். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 322.5. டிஸ்க் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. கூட்டினால் 703.5 மி.மீ. இதுதான் புது டயரின் விட்டம். கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும்.

அதே 15 அங்குல டிஸ்க்கில் மேலே போகிற அளவுகளைப் பார்ப்போம். 225/75 என்றால் 718.5 மி.மீ., பழையதைவிட 2.1 சதவீதம் கூடுதல். 235/75 என்றால் 733.5 மி.மீ., 4.3 சதவீதம். ஜீப்காரர்கள் ஆசைப்படும் '31 அங்குலம், பத்தரை அகலம், 15 டிஸ்க்' என்ற அளவில் கணக்கே வேண்டாம், விட்டம் பெயரிலேயே இருக்கிறது: 31 அங்குலம், 787 மி.மீ. பழைய அளவைவிட ஏறக்குறைய 12 சதவீதம் பெரிது. இத்தனைக்கும் ஹவுசிங் உயர்வது 42 மி.மீ.தான்.

மலைமேல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மகிந்திரா ஜீப்புகளின் டயரில் 6.00-16 என்று எழுதியிருக்கும். வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்து வருகிற அளவு இது. முதல் எண் அகலம், அங்குலத்தில். நடுவில் 'ஆர்' இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் அது நைலான் டயர். இந்த வகையில் பக்கச்சுவரின் உயரம் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனால் விட்டம் 28, 29 அங்குலத்துக்குள் வரும். இந்த ஜீப்புக்கு ரேடியல் மாற்ற நினைப்பவர்கள் பெயரைப் பார்த்து ஏமாறாமல், விட்டத்தைக் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும். 235/70 ஆர் 16 அளவின் விட்டம் 735 மி.மீ., அதாவது 29 அங்குலத்துக்கு மயிரிழைதான் குறைவு. எண்களைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத இரண்டு டயர்கள் உயரத்தில் பங்காளிகள்.

ஒரு எச்சரிக்கை. வண்டியில் இருக்கும் தேய்ந்த டயரை டேப் வைத்து அளந்து அதோடு புது அளவை ஒப்பிடாதீர்கள். புதிதில் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் பட்டன் இருந்த டயர் இரண்டு மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் விட்டத்தில் 12 முதல் 14 மி.மீ. வரை போய்விடுகிறது. அதே அளவில் புது டயர் போட்டாலே வண்டி கொஞ்சம் உயரும். மொட்டை டயரோடு உரசாமல் ஓடிய வண்டி, அதே அளவு புது டயரில் உரசுவதும் நடக்கிறது.

மூன்று சதவீதம்

பழைய விட்டத்திலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் போகாதே என்பது டயர்த் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். எங்கிருந்து வந்ததோ, நடைமுறையில் நல்ல அளவுகோல்தான். தயாரிப்பாளர்களே பெரும்பாலும் அதற்குள்தான் நிற்கிறார்கள். 2020இல் வந்த தார் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகைக்கு 245/75 ஆர் 16, இன்னொரு வகைக்கு 255/65 ஆர் 18. டிஸ்க் இரண்டு அங்குலம் மாறுகிறது. ஆனால் விட்டம் 774, 789. வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லை. டிஸ்க்கைப் பெரிதாக்கும்போது பக்கச்சுவரைக் குறைத்து மொத்த உயரத்தை அதே இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

நம் ஆட்கள் உடனே கேட்பார்கள்: "இதே மாடல்ல பெரிய டயரோட கம்பெனியிலயே வண்டி வருதே, அத நாம போட்டா என்னங்க?" வருகிறது என்றால் அந்த வகைக்கு டிஃபரன்ஷியலின் கிரவுன் பல் கணக்கும் பிரேக்கும் ஸ்பீடோமீட்டரும் அதற்கேற்ப இருக்கலாம். டயரை மட்டும் அங்கிருந்து எடுத்துவந்து இங்கே மாட்டினால் பாதி வேலைதான் ஆகிறது. கிரவுன் விகிதம் இரண்டு வகைக்கும் ஒன்றுதானா என்று சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இறங்கும்போது என்ன ஆகிறது

மலைப்பாதை ஓட்டுநர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. கியரைப் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கில் கால் அவ்வப்போது பட்டால் போதும்.

டயர் பெரிதானால் இந்தப் பிடி தளர்கிறது. எஞ்சின் அதே சுற்றில் சுற்றினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் போகிறது. முன்பு இரண்டாவது கியரில் மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்ற வண்டி, 12 சதவீதம் பெரிய டயரில் அதே எஞ்சின் ஓசையோடு 28இல் போகும். கேட்டால் மூன்று கிலோமீட்டர்தானே என்று தோன்றும். வளைவுக்கு முன்னால் பிரேக்கை ஒரு தரம் கூடுதலாக மிதிக்க வைப்பது அந்த மூன்றுதான். எழுபது வளைவில் எழுபது மிதி. கடைசி வளைவுகளில் பிரேக் கட்டை தீய்ந்த வாடை வருவது அதனால்தான்.

மிதிக்கிற பிரேக்கும் பழைய பிரேக் இல்லை. பிரேக் சக்கரத்தின் நடுவில் பிடிக்கிறது, ரோடு டயரின் விளிம்பில் இழுக்கிறது. விளிம்பு நடுவிலிருந்து எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு பலம் குறையும். நீளமான கைப்பிடி உள்ள மண்வெட்டியை நுனியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். 703 மி.மீ. டயருக்குப் பதில் 787 போட்டால், அதே அழுத்தத்தில் மிதித்தாலும் ரோட்டில் கிடைக்கும் பிரேக் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கூடவே டயரின் சொந்த எடையும் ஏறியிருக்கும். சுற்றுகிற எடையை நிறுத்துவது சுற்றாத எடையை நிறுத்துவதைவிடச் சிரமம்.

235/75 போட்ட 4.3 சதவீதக் கதையில் இதெல்லாம் சிறிய அளவில் இருக்கும். தனியாகப் போகும் ஜீப்புக்கு அது பெரிய விஷயமில்லை. ஒன்றரை டன் கிழங்கோடு இறங்கும் பிக்கப்புக்கு நான் அதைக்கூடச் சொல்ல மாட்டேன்.

பிக்கப்காரர்களுக்கு இங்கே தனியாக ஒரு விஷயம். சில வண்டிகளில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு சிறிய கம்பி மேலே போய், சேசிஸில் மாட்டிய ஒரு வால்வைத் தொடும். சுமை ஏறி வண்டி உட்கார உட்கார அந்தக் கம்பி வால்வைத் திறந்து பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நீங்கள் கூடுதல் பட்டை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், முழுச் சுமையிலும் வண்டி அந்த அளவுக்கு உட்காராது. வண்டி காலியாகத்தான் போகிறது என்று வால்வு நினைத்துக்கொள்ளும். பின்பிரேக் பாதி வேலைதான் செய்யும். எல்லா பாரமும் முன்பிரேக்கில் விழும். பட்டை வைத்த பட்டறையில் இந்தக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்தார்களா என்று கேளுங்கள். "எந்தக் கம்பிங்ணா?" என்று திருப்பிக் கேட்டால் பதில் கிடைத்துவிட்டது. டயர் வாங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

கோலமாவுப் பரிசோதனை

பெரிய டயர் எங்கே உரசும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங், முன்பக்கத்தில் பிரேக் ஹோஸ், பம்பரின் கீழ்மூலை, படிக்கட்டைத் தாங்கும் இரும்பு, மட்கார்டின் உள்மடிப்பு என்று இடம் பல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையில் உரசும்.

நான் செய்வது இது. ஒரு கை கோலமாவைத் தண்ணீரில் தளரக் குழைத்து, மட்கார்டின் உள்பக்கம் முழுக்கவும் மேலே சொன்ன இடங்களிலும் பழைய பிரஷ்ஷால் பூசிக் காயவிடுவேன். போட நினைக்கும் அளவில் இரண்டு டயர் எங்காவது இரவல் கிடைத்தால் முன்பக்கம் மாட்டுவேன். பிறகு வண்டியில் வழக்கமான சுமையை ஏற்ற வேண்டும். சுமையில்லாமல் இந்தப் பரிசோதனை செய்வதில் பயனில்லை. தூக்கிய வண்டி காலியாக நிற்கும்போது காட்டுகிற இடைவெளி முழுக்க சுமை ஏறினால் காணாமல் போகும். ஸ்பிரிங்கை உயர்த்தியவர்கள் அது முழுதாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பர் கட்டையை உயர்த்தியிருக்க மாட்டார்கள். அதனால் பெரிய குழியில் இறங்கும் அந்த ஒரு நொடியில் டயர், கம்பெனி வண்டியில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவும் போகும். தூக்கியது நிற்கும்போதைக்கு மட்டும்தான்.

சுமையோடு ஒரு முன்சக்கரத்தை மட்டும் முக்கால் அடி உயரக் கல்லில் ஏற்றி நிறுத்தி, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடிக்க வேண்டும். அடுத்து மறுசக்கரம். பிறகு ரிவர்ஸிலும் அதே மாதிரி. எங்காவது ஒரு காலி இடத்தில் எட்டு போட்டுவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மாவு அழிந்த இடமெல்லாம் டயர் தொட்ட இடம். பிரேக் ஹோஸ் பக்கத்தில் மாவு லேசாகக் கலைந்திருந்தாலும் அந்த அளவை மறந்துவிடுங்கள்.

உரசுவது தெரிந்தால் பட்டறையில் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். ஸ்டீயரிங் ஒரு கட்டத்துக்கு மேல் ஒடியாமல் தடுக்கும் போல்ட் ஒன்று உண்டு. அதை இரண்டு சுற்று வெளியே திருகிவிட்டால் சக்கரம் முழுதாக ஒடியாது, உரசலும் நின்றுவிடும். என் பழைய ஜீப்புக்கு 31 அங்குல டயர் மாட்டிய இடத்தில் இதைத்தான் செய்தார்கள். நானும் தலையாட்டினேன். சேந்தமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. அடுத்த வாரம் மலையேறினேன். ஏழெட்டு வளைவு வரை ஒன்றும் தெரியவில்லை, ரோட்டை முழுக்க எடுத்துத் திரும்பிவிட்டேன். அதன்பின் ஒரு வளைவில் மேலிருந்து பஸ் வந்து நின்றது. வழக்கமாக ஒரே வெட்டில் திரும்புகிற இடம். அன்றைக்குத் திரும்பவில்லை. முன்சக்கரம் கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழத்தில் நிற்க, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னே வந்து, பஸ் டிரைவர் கையைக் காட்டிக் காட்டி வழிசொல்ல, வியர்த்துப் போய்த்தான் கடந்தேன். சமதளத்தில் திருப்பும் வட்டம் இரண்டடி கூடினால் யாருக்கும் தெரியாது. இந்த ரோட்டில் ஒவ்வொரு வளைவும் அதைச் சொல்லிக்காட்டும். ஊருக்கு வந்ததும் அந்த டயர்களைக் கழற்றிவிட்டேன்.

அகலமும் டிஸ்க்கும்

விட்டத்தைக் கவனிப்பவர்கள்கூட அகலத்தைக் கோட்டை விடுவார்கள். டிஸ்க் மாறாமல் டயர் 20 மி.மீ. அகலமானால் உள்ளே 10, வெளியே 10 கூடும். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குலத்திலிருந்து இத்தனை அங்குலம் வரை அகலமுள்ள டிஸ்க்தான் பொருந்தும் என்று கம்பெனி அட்டவணை உண்டு. 215/75க்கு ஐந்தரை முதல் ஏழு அங்குலம், 235/75க்கு ஆறு முதல் எட்டு, பத்தரை அகல டயருக்கு ஏழு முதல் ஒன்பது. உங்கள் டிஸ்க்கின் அகலம் அதிலேயே பொறித்திருக்கும். ஒடுக்கமான டிஸ்க்கில் அகல டயரைப் போட்டால் டயரின் நடுப்பகுதி புடைத்து, அது மட்டும் தேயும். வளைவில் பக்கச்சுவர் மடிந்து வண்டி ஆடும்.

டயர் உள்ளே உரசுகிறது என்று ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளுவது எனக்குப் பிடிக்காத வேலை. பேரிங்கில் விழும் சுமை கூடுகிறது, நட்டு பிடிக்கும் மரை குறைகிறது. சுமை வண்டிக்கு ஸ்பேசர் வேண்டவே வேண்டாம்.

எடை தாங்குமா

அளவு சரியாக இருந்தும் தவறான டயர் வாங்குவது இங்கேதான் நடக்கும். அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் அந்த ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கும்: 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. எழுத்து வேகத்துக்கு: 'கியூ' 160 கிலோமீட்டர், 'எஸ்' 180. கொல்லிமலைக்கு எழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எண்ணைப் பற்றிப் படுங்கள். பழைய டயரில் இருந்ததைவிட எண் குறையவே கூடாது.

கார் ரக டயர் பிக்கப்புக்கு மாட்டுகிற அளவிலேயே கிடைக்கும், விலையும் குறையும். பக்கச்சுவர் மெல்லிசு. சுமை வண்டிக்கு எட்டு ப்ளை போட்டிருந்தால் எட்டு ப்ளைக்குக் குறையாமல் வாங்குங்கள். கூடுதல் பட்டை வைத்துவிட்டதால் வண்டியின் கொள்ளளவு கூடிவிட்டதாக ஒரு நம்பிக்கை நம் பக்கத்தில் உண்டு. பட்டை தாங்கும். டயரும் ஆக்ஸிலும் பிரேக்கும் பழைய கணக்கில்தான் இருக்கின்றன.

டயர் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று நான்கு எண்களில் பக்கச்சுவரில் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடி விலை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

ஜோடி

பின்பக்கம் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் ஓடும் வண்டிகளில், ஜோடியில் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று போட்டால் உயரமானது மட்டும் சுமையைத் தாங்கும், சூடாகும், வெடிக்கும். அளவு ஒன்றானாலும் தேய்மானம் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபோர்வீல் ஜீப்பில் நான்கும் ஒரே விட்டம் இருக்க வேண்டும். முன்னே ஒரு அளவு, பின்னே ஒரு அளவு போட்டு ஃபோர்வீல் போட்டால் கியர்பாக்ஸ் தன்னோடு தானே மல்லுக்கட்டும்.

ரீபட்டன் டயரை நான் குறைசொல்ல மாட்டேன். நாமக்கல் லாரித் தொழிலில் அதற்கு நல்ல இடம் உண்டு. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்.கூட டயர் செய்யும் முன் 1952இல் ரீபட்டனுக்கான ரப்பர்தான் செய்தது. பின்பக்கம் போடுங்கள். முன்பக்கம் மட்டும் வேண்டாம், மலை வண்டிக்குக் கட்டாயம் வேண்டாம்.

பட்டன் வகையில் நீண்ட பேச்சு தேவையில்லை. மலைமேல் பெரும்பாலும் தார்ச்சாலைதான் ஓடப்போகிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தாரில் பெரிய கட்டை கட்டையாகப் பட்டன் உள்ள சேற்று டயர் வழுக்கும், இரைச்சலும் போடும். எல்லா ரோட்டுக்குமான நடுத்தர வகை போதும். தோட்டத்துக்குள் தினமும் சேற்றில் இறங்குபவர் மட்டும் விதிவிலக்கு.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

பிக்கப் போன்ற சுமை வண்டிகளுக்குப் பதிவுப் படிவத்திலேயே ஒவ்வோர் ஆக்ஸிலுக்கும் டயரின் அளவு எழுதும் இடம் உண்டு. எஃப்.சி.க்குப் போகும்போது அந்த அளவும் வண்டியில் உள்ள அளவும் வேறாக இருந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ்காரர் வந்து டயரைப் பார்ப்பதும் உண்டு. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பதும் விதிதான். பட்டன் இடுக்கில் இருக்கும் சின்ன மேடு மட்டமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம்.

சுமை வண்டிக்கு வேகக்கட்டுப்பாட்டுக் கருவி 80இல் நிறுத்தும்படி இருக்கும். பெரிய டயர் போட்டால் அந்தக் கருவியும் ஏமாறும், ஸ்பீடோமீட்டரும் ஏமாறும். 4.3 சதவீதத்துக்கு மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62இலோ 63இலோ போகும். 12 சதவீதத்துக்கு 67.

மாட்டிய பிறகு

காற்று அளவை காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். கதவுத் தூணில் ஒட்டிய தாளில் உள்ள பவுண்டுதான் தொடக்கம். மலையிறங்கி வந்த சூட்டில் காற்று கூடுதலாகக் காட்டும். அதைத் திறந்துவிடாதீர்கள், ஆறியதும் குறைந்துபோகும். அலைன்மென்ட் கட்டாயம். தூக்கிய வண்டியில் முன்சக்கரத்தின் சாய்வு மாறியிருக்கும். ஸ்டீயரிங்கை விட்டால் நேராகத் திரும்பி வராமல் அலைந்தால் அதுதான் காரணம். ஹெட்லைட்டையும் கீழே இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வளைவில் எதிரே ஏறிவரும் டூவீலர்காரரின் கண்ணில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை முறுக்க வேண்டும்.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கும் ஒரு அளவு, ஸ்டெப்னி மட்டும் பழைய அளவு என்று ஓடும் வண்டிகள் அதிகம். பின்சக்கரம் பஞ்சராகி அதை மாட்டினால் இரண்டு பக்கமும் இரண்டு விட்டம், மலையிறங்கும் வரை டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும். பிக்கப்பில் ஸ்டெப்னி தொட்டிக்குக் கீழே சங்கிலியில் தொங்குகிறது. பெரிய டயர் அந்த இடத்தில் நுழையாது, நுழைந்தாலும் ஹவுசிங் மேலே வரும்போது தட்டும். ஐந்தாவது டயரையும் வாங்கி, அதை அங்கே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, வண்டியில் உள்ள ஜாக்கி தூக்கிய வண்டியின் உயரத்துக்கு எட்டுகிறதா என்றும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள். எட்டாவிட்டால் ஒரு தடித்த பலகைத் துண்டை வெட்டி, சீட்டுக்குப் பின்னால் போட்டு வையுங்கள்.